புத்தூர் நால்ரோட்டைச் சுற்றி

திருச்சிராப்பள்ளிக்குப் புதிதாய் வருவோரை முதலிலே குழப்புவது ஊர்ப்பெயர்கள்தாம். மேலப்புதூர் என்று ஓர் இடம். தூய மரியன்னைப் பேராலயம் அங்கேதான் இருக்கின்றது. புத்தூர் என்பது வேறோர் இடம். பேராலயத்திற்கென்று புறப்பட்டுப் புத்தூர் நால்ரோட்டில் வந்து இறங்கி, மூட்டையும் முடிச்சுமாய் வழி கேட்டு நிற்கின்ற வெளியூர்க் குடும்பங்களை நாம் பலமுறை கண்டதுண்டு. ஒரேயொரு ‘த்’ செய்கின்ற வேலை அது.

புத்தூர், நகரின் மேற்குப் பகுதியிலே, சோழரின் பழந்தலைநகராகிய உறையூரை அடுத்து அமைந்தது. சோழர் காலத்தது என்று போற்றப்படும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இதனை ஒட்டி ஓடுகின்றது. ஒருகாலத்தில் இங்கே வயலும் வாழைத்தோட்டமுமாய் இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். இப்போது வீடுகளும் கடைகளும் மருந்தகங்களும் நெருங்கிவிட்டன. குழுமாயி அம்மன் கோயில் திருவிழா நாள்களில் இச்சாலைகளில் கால் வைக்க இடமிராது. பாத்திமா அன்னை ஆலயமும் இப்பகுதியில்தான் இருக்கின்றது. 1826ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சியிலேயே உயிர் நீத்த ஆங்கிலத் திருச்சபை ஆயர் ஹீபரின் பெயரைத் தாங்கிய மேல்நிலைப் பள்ளி ஒன்றும், வயலூர்ச் சாலையில் கல்லூரியும் இங்கு உண்டு. அண்ணல் காந்தி நினைவு அரசு மருத்துவமனையோ சுற்றுவட்டார மாவட்டங்களுக்கெல்லாம் தெரிந்த இடம். 1997ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது அது. ‘புத்தூர் ஆஸ்பத்திரி’ என்றால் பெரம்பலூர்ப் பேருந்து நடத்துநரும் அறிவார்.

இவற்றோடு, பலர் கவனியாமல் கடந்து செல்கின்ற மற்றொரு வாயிலும் புத்தூரில் உண்டு. பார்வைத்திறன் குறையுடைய மாணவியருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியே அது. நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததற்கு அப்பள்ளியே காரணம். பள்ளிப் பிள்ளைகளின் கல்விக்குத் துணைசெய்தல் என்பது யாது என்று எவரேனும் கேட்பாராயின், நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை. இப்பள்ளியில் நடப்பதைக் காட்டினால் போதும்.

கண்பார்வை இல்லாத ஒரு சிறுமி பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவது எவ்வாறு? நம்மில் எத்தனை பேர் இதனை எண்ணிப் பார்த்திருப்போம்! முதலில் அவளுக்கு எழுத்து வேண்டும். அவ்வெழுத்தைத் தந்தவர் லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர். 1809இல் பாரிசுக்கு அருகே ஒரு சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் குத்தியது. சில ஆண்டுகளில் இரு கண்களும் ஒளி இழந்தன. பதினைந்து வயதிலேயே, ஆறு புள்ளிகளைக் கொண்டு எல்லா எழுத்துகளையும் அமைக்கும் முறையை அவர் வகுத்துவிட்டார். 1829இல் அது நூலாயிற்று. பாரிசு ஆலயங்களில் ஆர்கன் வாசித்து வாழ்ந்த அவர் 1852இல் மறைந்தார். எந்த ஊசி அவருடைய கண்ணைப் பறித்ததோ, ஏறத்தாழ அதே போன்ற ஊசியால்தான் இன்றும் பிரெயில் எழுத்து குத்தப்படுகின்றது.

ஆறு புள்ளிகளில் 63 அமைப்புகள் கிடைக்கும். இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் 1951இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தடித்த தாளைக் கட்டங்கள் உள்ள பலகையில் மாட்டி, முனை மழுங்கிய ஊசியால் புள்ளி புள்ளியாக அழுத்தவேண்டும். புள்ளி தாளின் மறுபக்கத்தில்தான் புடைக்கும். ஆதலின் வலப்புறத்திலிருந்து இடப்புறமாக எழுதி, தாளைத் திருப்பி, இடப்புறத்திலிருந்து வலப்புறமாக விரலால் படிக்கவேண்டும். எழுதும்போது ஒரு திசை, படிக்கும்போது எதிர்த்திசை! கண்ணுள்ள பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதி முடிக்கும் நேரத்தில் இவர்கள் சில வரிகளே எழுத முடியும். நம் பிள்ளைகள் பையில் திணிக்கின்ற ஒரே பாடநூல் பிரெயிலில் பல தொகுதிகளாக விரியும். அண்மைக் காலத்தில் ஒலிப்பதிவுப் பாடங்களும், திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் கணினி நிரல்களும் வந்து இச்சுமையைப் பெரிதும் குறைத்திருக்கின்றன.

பொதுத்தேர்வு நாளில் இவர்களுக்கென்று ‘சொல்வதை எழுதுபவர்’ ஒருவரை அரசுத் தேர்வுகள் துறை அமர்த்துகின்றது. மாணவி வாயால் விடை கூறுவாள். அவர் தாளில் எழுதுவார். கூடுதலாக ஒரு மணி நேரம் தரப்படும். எழுதுபவர் ஒரு சொல்லையும் தாமாகச் சேர்க்கலாகாது, விடுதலும் ஆகாது. மாணவி தவறாகச் சொன்னால் தவறாகவே எழுதவேண்டும். முகத்தைச் சுளித்தோ தொண்டையைக் கனைத்தோ குறிப்புக் காட்டுவதும் முறையன்று. அறிவு அவளுடையது; இவர் கொடுப்பது கை மட்டுமே. விடை தெரிந்த ஆசிரியர் ஒருவர் வாய் மூடி எழுதிக்கொண்டிருப்பது எளிய தவம் அன்று என்று நாம் நினைக்கின்றோம்.

கல்லூரித் தேர்வுக்கும் வேலைக்கான போட்டித் தேர்வுகளுக்கும் செல்லும் பார்வையற்றோர் எழுதுபவரைத் தாமே தேடிக்கொள்ள நேர்வதும் உண்டு. அக்காலங்களில் நல்ல மனமுடைய இளைஞரைத் தேடி அவர்கள் அலைவது நமக்குத் தெரியும். அவ்வாறு தாமே அழைத்துவரும் எழுதுபவர் தேர்வரைவிட ஒரு படி குறைந்த கல்வித்தகுதி உடையவராயிருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 20 நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரவேண்டும் என்றும் மத்திய அரசு 2018இல் வகுத்த நெறிமுறைகள் கூறின.

இப்பள்ளி மாணவியரைப் பார்த்து, ‘சோம்பேறி’ என்றோ, ‘படிப்பு ஏறாதது’ என்றோ எவரும் சொல்வதில்லை. கண் தெரியவில்லை, ஆகவே வேறு வழியில் கற்பிக்கின்றோம், வேறு வழியில் தேர்வு வைக்கின்றோம். இதில் ஐயம் எவருக்கும் எழுவதில்லை. தடை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்குமாயின் நம் நடத்தை அடியோடு மாறிவிடுவதுதான் வேதனை.

நமது பங்கு ஆற்றங்கரையோரத்து ஊர் ஒன்றில் இருக்கின்றது. சென்ற ஆண்டு அங்கே ஒரு தந்தை, ஒன்பதாம் வகுப்பு முடித்த மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுபவர், உழைப்பாளி. மகன் பூசை உதவி செய்யும் சிறுவன்.

“சாமி, இவனுக்குப் படிப்பு ஏறலீங்க. பத்தாவது வேணாம். திருவெறும்பூர்ப் பக்கம் பட்டறையில விட்டுடலாம்னு இருக்கேன். சாமி ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும்” என்றார்.

“பையன் என்ன சொல்றான்?” என்று கேட்டோம்.

“அவன் என்னத்தச் சொல்வான் சாமி? அடிச்சாலும் வாய் திறக்க மாட்டான்.”

நமக்கு வியப்பாயிருந்தது. மறைக்கல்வி வகுப்பில் ஊதாரி மைந்தன் உவமையை அப்பையன் சொல்லக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். பன்றி மேய்த்த இடத்தில் குரல் தாழும், தந்தை ஓடிவரும் இடத்தில் குரல் எழும். ஆலயத்து நீர் மோட்டார் நின்றுபோனால் மின்பணியாளர் வருமுன்னே பழுது இன்ன இடத்தில் என்று காட்டிவிடுவான். அப்படிப்பட்டவனின் நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். எழுத்துகள் வரிக்கு மேலும் கீழுமாய்த் தொங்கின. கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் கிடந்தன. ஒரே சொல் ஒரே பக்கத்தில் நான்கு விதமாய் எழுதப்பட்டிருந்தது. பாடநூலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். முதல் வரியிலேயே வியர்த்துவிட்டது அவனுக்கு.

1896ஆம் ஆண்டு நவம்பரில் பிரிங்கில் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் ஒருவர், மருத்துவ இதழ் ஒன்றில் பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். பெர்சி என்னும் அச்சிறுவன் அறிவுக்கூர்மை உடையவன். விளையாட்டில் எவருக்கும் இளைத்தவன் அல்லன். ஆனால் படிக்க வரவில்லை. பல ஆண்டுகளாக அவனுக்குக் கற்பித்த ஆசிரியர், பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாயிருப்பான் என்று கூறினாராம். நூற்று முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான அக்குறிப்பை நாம் படித்தபோது, பெர்சி நம் ஆற்றங்கரை ஊரிலேயே பிறந்தவனோ என்று தோன்றியது. இந்நிலைக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். எழுதுவதிலும் கணக்கிலும் வரும் இடர்ப்பாடுகளையும் சேர்த்துக் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்று இப்போது வழங்குகின்றனர். மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலையில் உள்ள வேறுபாடு இது. அறிவுக்குறைவும் அன்று, சோம்பலும் அன்று, வளர்ப்பின் குற்றமும் அன்று. குடும்ப வழியாகவும் வருவதுண்டு. அத்தந்தை எத்தனையாம் வகுப்போடு நின்றார் என்று பின்னர் விசாரித்தோம். மூன்றாம் வகுப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எழுத்துப்பிழை செய்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் இக்குறைபாடு என்று முடிவு கட்டிவிடலாகாது. ரகர றகரமும், ணகர னகரமும் தடுமாறுவது தமிழ்நாட்டில் பெரியோருக்கும் உள்ள வழக்கம். இக்கட்டுரையின் அச்சுப்படியைத் திருத்துபவர் அறிவார். கரும்பலகை தெரியாமல் அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கு வேண்டியது மூக்குக் கண்ணாடி. காதில் சீழ் வடியும் பிள்ளைக்குப் பாடம் பாதிதான் கேட்கும். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை உண்டு. இரவில் குடித்துவிட்டு வரும் தந்தைக்கு அஞ்சி உறங்காத பிள்ளையும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் செல்கின்றவனுக்கு வீட்டில் ஐயம் கேட்க ஆள் இல்லை. கொரோனா ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது எழுத்தறிவு பிடிபடும் பருவத்தில் இருந்தவர்கள் இப்போது நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே முதலில் கண், பிறகு காது, அதன்பின் வீடு, அனைத்தும் பார்த்தபின்னரே குறைபாடு.

இவ்வளவும் பார்த்தறிய எங்கே செல்வது? பள்ளித் தலைமையாசிரியரிடம் முதலில் செல்லவேண்டும். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கின்றனர். பள்ளி கேட்டுக்கொண்டால் பிள்ளையை வந்து பார்ப்பார்கள். அவர்கள் ஐயுற்றால், அரசு மருத்துவமனை. திருச்சிக்காரர்களுக்கு அது புத்தூர். அங்கே கண்ணையும் காதையும் ஒரே வளாகத்தில் சோதித்துக்கொள்ளலாம். மனநலப் பிரிவும் உண்டு. கற்றல் குறைபாட்டை அளந்தறிய, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் வகுத்த சோதனைகளைப் பயன்படுத்துமாறு மத்திய அரசின் நெறிமுறை கூறுகின்றது. படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் சொல்வார்கள். நுண்ணறிவையும் தனியே அளப்பார்கள். மருத்துவக் குழு சான்று வழங்குமாயின், பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் துறைக்கு விண்ணப்பிக்கலாம். சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாடங்களுள் ஒன்றிலிருந்து விலக்கு ஆகியவை நிலைக்கேற்பக் கிடைக்கும். பார்வையற்ற மாணவிக்குக் கிடைக்கின்ற அதே கை, இப்பிள்ளைக்கும் நீட்டப்படுகின்றது.

இது சலுகை அன்று, உரிமை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வெண்ணிக்கையை 21 ஆக்கியபோது இதுவும் சேர்ந்தது. அதற்கு வெகுமுன்னரே, 1990களின் தொடக்கம் முதல், சென்னையில் டிஸ்லெக்சியா சங்கத்தார் இதற்காக உழைத்து வந்திருக்கின்றனர். நகரத்துப் பெற்றோர் பலர் இதனை அறிவர். ஆற்றங்கரையில்தான் செய்தி இன்னும் எட்டவில்லை.

அப்பையனையும் பெற்றோரையும் நாமே புத்தூருக்கு அழைத்துச் சென்றோம். ஒரு நாளில் முடிந்துவிடவில்லை. பெரிய மருத்துவமனையில் கூட்டத்துக்கு என்ன குறை? மூன்று முறை செல்ல வேண்டியதாயிற்று. மூன்று நாள் வண்டி ஓட்டாவிட்டால் அவ்வீட்டில் மூன்று நாள் வரவு இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். பிள்ளையின் மேல் அக்கறை இல்லாத பெற்றோர் என்று எளிதாகப் பேசிவிடுகின்றவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. படிவத்தை நிரப்பும்போது, “எந்த ஊர் ஆஸ்பத்திரின்னு நீயே எழுதுப்பா” என்று பையனிடம் கொடுத்தோம். ‘புதூர்’ என்று எழுதினான். சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சரிதானே சாமி?” என்று கேட்டான். அந்தத் ‘த்’ அவனுக்குத் தெரியவே இல்லை.

உண்மையான தடை மருத்துவமனை வரிசையில் இல்லை என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. தாய் நம்மைச் சற்றுத் தள்ளி அழைத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: “சாமி, சர்ட்டிபிகேட்ல ஊனம்னு எழுதுவாங்களா? இவன் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கோம். நாளைக்கி யாராச்சும், தம்பி அப்படியாமேன்னு கேட்டா என்னங்க சொல்றது?”

இக்கேள்வியை நாம் இலேசாக எண்ணவில்லை. எண்ணுவோர் நம் ஊர்களை அறியாதவர்கள். ஒரு தாளில் உள்ள ஒரு சொல் திருமணப் பேச்சை முறிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். ஆனால் அத்தாள் இல்லாவிட்டால் ‘மக்கு’ என்னும் வேறொரு சொல் அப்பையனோடு வாழ்நாள் முழுதும் வரும். அது ஏற்கெனவே ஒன்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றது. அதற்கு எந்த மருத்துவக் குழுவும் கையெழுத்திடவில்லை. எனினும் ஊர் முழுதும் அதை நம்புகின்றது.

மாலையில் வெளியே வந்து தேநீர்க் கடையருகே நின்றிருந்தோம். வெண்கோல் ஊன்றிய இளம்பெண் ஒருத்தி தோழியின் தோளைப் பற்றியவாறு சாலையோரமாய்ச் சென்றாள். தாய் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தப் பிள்ளைங்க பரீட்சை எப்படிங்க எழுதும்?” என்று கேட்டார். மேலே நாம் எழுதியவற்றையெல்லாம் அங்கே நின்றபடி சொன்னோம். பிரெயில், ஊசி, சொல்வதை எழுதுபவர், கூடுதல் மணி நேரம். “நம்ம பையனுக்கும் அதே மாதிரியா?” என்றார். “அதே மாதிரிதான் அம்மா. அவங்களுக்குக் கண்ணு, இவனுக்கு எழுத்து” என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் முறை செல்லும் நாளைத் தந்தை மறந்துவிட்டபோது நினைவூட்டியவர் தாயே.

பிள்ளைகளுக்கு வழிகாட்டுதல் என்பது புதிய சிந்தனை அன்று. அமெரிக்காவில் பாசுடன் நகரில் 1908இல் பிராங்க் பார்சன்சு என்பவர், ஏழை இளைஞருக்குத் தொழில் தேர்ந்தெடுக்கத் துணைசெய்யும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பதே அவர் முறை. நம் நாட்டில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிதோறும் வழிகாட்டும் ஆசிரியர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1964-66இல் கோத்தாரிக் குழுவோ, வழிகாட்டுதல் தொடக்கப் பள்ளியிலேயே தொடங்கவேண்டும் என்றது; உயர்நிலைப் பள்ளிகளுக்குக் குறைந்தது பத்துப் பள்ளிக்கு ஓர் ஆலோசகரேனும் வந்து செல்லவேண்டும் என்றும் கேட்டது. பத்துக்கு ஒருவர்! அவ்வளவு எளிய வேண்டுகோள் அது. ஆனால் நம் சிற்றூர்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அத்தகைய ஒருவரைக் கண்டிருக்கின்றனர் என்று அவரவர் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

எனினும் இப்போது சில கதவுகள் திறந்திருக்கின்றன. தமிழக அரசு 2022 மார்ச்சு முதல் நாள் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் பகுதியாக, மேல்நிலை முடிப்போருக்குக் ‘கல்லூரிக் கனவு’ என்னும் வழிகாட்டும் கூட்டங்கள் நடந்து வந்திருக்கின்றன. கல்லூரி சேராது நின்றுவிட்டோரைத் தேடி ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடத்தப்பட்டன. பள்ளிக்கல்வித் துறை 14417 என்னும் தொலைபேசி உதவி எண்ணை 2018இல் ஏற்படுத்தியது. தேர்வு முடிவு நாளில் மனம் உடைந்து அமர்ந்திருக்கும் பிள்ளையின் அருகில் இருப்போர் இத்தகைய எண்களை முன்னரே அறிந்திருப்பது நன்று. அந்நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

நம் பங்குகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். ஆண்டுக்கொரு முறை, மே மாதத்து ஞாயிறு ஒன்றில், பதாகை கட்டி, நகரத்திலிருந்து பேச்சாளர் ஒருவரை அழைத்து, ‘எதிர்காலம் உங்கள் கையில்’ என்று இரண்டு மணி நேரம் பேசவைத்து, பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்து அனுப்புகின்றோம். தீங்கொன்றும் இல்லை. ஆனால் அக்கூட்டத்தில் முன்வரிசையில் அமர்பவர்கள் ஏற்கெனவே வழி தெரிந்த பிள்ளைகள். வழி தெரியாதவன் அன்று ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பான். மாலை நேர டியூசனும் அவ்வாறே. படிக்க இயலாதவனுக்கு டியூசன் என்பது காலையில் சொன்ன பாடத்தையே மாலையில் உரத்த குரலில் சொல்வதாகத்தான் முடிகின்றது.

அவனுக்கு வேண்டியது வேறு. பாடத்தை எவரேனும் நிதானமாகப் படித்துக்காட்ட வேண்டும். அவன் கேட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும். சொற்களை எழுத்தெழுத்தாய்ப் பிரித்து, வாயால் ஒலித்துக்கொண்டே விரலால் எழுதிப் பழகவேண்டும். கண், காது, கை மூன்றும் சேர்ந்து கற்கும் இம்முறையை 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன் என்னும் மருத்துவரும் கில்லிங்காம் அம்மையாரும் ஒழுங்குபடுத்தினர். நம் பாட்டனார்கள் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, ‘அ’ என்று கூவிக்கொண்டே விரல் தேய எழுதியது நினைவுக்கு வரவில்லையா? சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு 1789 முதல் அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்து, ‘சென்னை முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். நம்மிடம் இருந்த சட்டாம்பிள்ளையே கடல் கடந்து போனார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆதலால் நம் பங்கில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். கல்லூரிக்குப் புத்தூர் வழியாக நாள்தோறும் சென்றுவரும் இளைஞர்கள் நால்வர், வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம், ஆளுக்கு ஒரு பிள்ளைக்குப் படித்துக்காட்டுகின்றனர். கற்பிப்பதில்லை, படித்துக்காட்டுவது மட்டுமே. சமூக அறிவியலையும் அறிவியலையும் கைப்பேசியில் பதிந்து கொடுக்கின்றனர். செலவு ஏதுமில்லை. படித்துக்காட்டும் பெண்களுள் ஒருத்தி இப்போது பார்வையற்ற தேர்வர்களுக்கு எழுதுபவளாகச் செல்லவும் பெயர் கொடுத்திருக்கின்றாள். எல்லாம் செவ்வனே நடக்கின்றது என்று கூறமாட்டோம். நால்வரில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். ஒரு பிள்ளை வருவதே இல்லை. வாழைக்காய் வெட்டும் பருவத்தில் மாலை வகுப்பு நடவாது.

பட்டறைத் தொழில் தாழ்ந்தது என்று நாம் கருதுவதாக எவரும் எண்ணவேண்டாம். மிகுமின் நிலையம் 1960களில் வந்ததிலிருந்து திருச்சியின் அடுப்புகள் பலவற்றை எரியவைத்தவர்கள் பற்றவைப்பவரும் கடைசல்காரருமே. மோட்டாரைத் திறந்து பார்த்தே பழுதறியும் நம் பையனுக்கு அத்துறை பொருந்தவும் கூடும். ஆனால் திருவெறும்பூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கின்றது. அதில் நல்ல பிரிவுகள் பலவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கின்றனர். பதினான்கு வயதில் பட்டறையில் இரும்பு தூக்கப் போவதும், பதினாறு வயதில் சான்றோடு பயிற்சிக்குப் போவதும் ஒன்றல்ல. இதனைத் தந்தையிடம் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் அவர் இசைந்தார். உவமையோ உபதேசமோ அவரிடம் செல்லவில்லை. கூலிக் கணக்குச் சென்றது.

சான்று வந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்கான விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் இதனைத் தொடங்கிவிடுவது நல்லது. பொதுத்தேர்வு நெருங்கியபின் ஓடினால் தாள்கள் நகரும் வேகத்துக்கு மாதங்கள் போதமாட்டா. தந்தை கையெழுத்திட்டபோது பையன் அருகே நின்றிருந்தான். அவன் தானாக வாய் திறந்து நம்மிடம் கேட்டது அன்றுதான்.

“அந்த சார் நான் சொல்றத மட்டும்தான் எழுதுவாரா, சாமி?”

“ஆமாம்ப்பா. நீ சொல்றது மட்டும்தான்.”

சிறிது யோசித்தான். “அப்படின்னா நான் நிறையச் சொல்லணும்” என்றான்.